ப்ளாட்டர் தானாக அணைந்து எரிகிறது: செட் போச்சா, வயரா?

ஜூன் 2, இரவு 9.15 (கேள்வி)

படகில் 12 வோல்ட் பேட்டரி. சார்ட் ப்ளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரை), எக்கோ சவுண்டர் (ஆழம் காட்டுவது), விஹெச்எஃப் (வயர்லெஸ் செட்) மூன்றும் ஒரே ஸ்விட்ச் பேனலில் இருந்து போகின்றன. ப்ளாட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, தானாகவே மறுபடி எரிகிறது. சில நாள் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை. சில வாரம் ஒன்றுமே இல்லை. கரையில் கட்டியிருக்கும்போது ஒருமுறைகூட வந்ததில்லை. பேட்டரி புதிது. ப்ளாட்டரின் பவர் கேபிளையும் மாற்றியாச்சு. இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், ஒருவர் "செட் உள்ளே போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கலாமா?

ஜூன் 2, இரவு 10.40

வாங்காதீர்கள். பேட்டரி, கேபிள் என்று ஏற்கெனவே இரண்டு பொருள் மாற்றிவிட்டீர்கள், இரண்டும் குற்றமற்றவை என்றுதான் தெரிந்திருக்கிறது. மூன்றாவதாக செட்டையும் மாற்றிப் பார்ப்பது வைத்தியம் ஆகாது, சீட்டுக் குலுக்கல்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். அணைந்து திரும்ப வரும்போது கம்பெனி லோகோவில் இருந்து ஆரம்பிக்கிறதா, இல்லை திரை மட்டும் இருண்டு விட்ட இடத்திலேயே வருகிறதா? லோகோ வந்தால் கரண்ட் அறுபட்டிருக்கிறது. திரை மட்டும் என்றால் அது வேறு கதை, பின்னொளியோ சூடோ. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழி தெரிந்துவிடும். வந்த இருவரும் இதைக் கேட்டார்களா?

ஜூன் 3, காலை 6.20

லோகோ வருகிறது என்கிறார். அப்படியானால் செட்டுக்குப் போகும் மின்சாரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

"மீட்டரில் 12.5 காட்டுது, சப்ளை சரியாத்தான் இருக்கு" என்று எழுதியிருக்கிறார். இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்கிற அளவு. வயரில் இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், களிம்பு பிடித்த டெர்மினல் வழியாக ஏதோ கொஞ்சம் ஒழுகினாலும், மீட்டர் அதே 12.5-ஐத்தான் காட்டும். சும்மா நிற்கும் கயிற்றைத் தொட்டுப் பார்த்து இது நங்கூரத்தைத் தாங்கும் என்று சொல்வது போல. பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். வண்டி இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு, இரண்டு வயர், இரண்டு கிளிப். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் இழுக்கும். ப்ளாட்டரின் பவர் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் பல்பைப் போட்டு எரிய விட்டுக்கொண்டே அளந்து பாருங்கள்.

அளக்கும் விதம்: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் தூணில், இன்னொரு முனை பல்புக்கு வரும் பாசிட்டிவில். வருகிற எண்தான் வழியில் தொலைகிற வோல்ட்டேஜ். பிறகு நெகட்டிவ் பக்கமும் அதேபோல. நீளமான ஒரு வயர் வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முனையை பேட்டரி தூண் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் வைத்தால் தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவே இருக்கும் கோளாறு கணக்கிலேயே வராது.

ஜூன் 3, இரவு 8.50

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு விஹெச்எஃப் செட்டை வீணாக வாங்கியவன். என் படகில் வயர்லெஸ் கேட்பது அருமையாகக் கேட்கும். பேச மைக்கை அமுக்கினால் செட்டே அணைந்துவிடும். மைக்தான் என்று மைக் மாற்றினேன். அப்புறம் செட்டையே மாற்றினேன். புது செட்டுக்கும் அதே வியாதி. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஆன்டெனாவைப் பிரித்தேன்.

கடைசியில் ஒருநாள் தற்செயலாக 1 வாட்டில் வைத்துப் பேசினேன், நன்றாகப் பேசியது. 25 வாட்டில் அமுக்கினால் சாகிறது. அதற்குப் பிறகு கணக்கு மிக எளிது. கேட்கும்போது செட் அரை ஆம்பியருக்கும் குறைவாக இழுக்கும். 25 வாட்டில் அனுப்பும்போது 5, 6 ஆம்பியர். வழியில் அரை ஓம் தடை இருந்தால் கேட்கும்போது 0.2 வோல்ட் போகும், யாருக்கும் தெரியாது. அனுப்பும்போது 3 வோல்ட் போய்விடும், செட்டுக்கு 9 சொச்சம்தான் மிஞ்சும். அந்த அரை ஓம் எங்கே இருந்தது தெரியுமா? பேனலுக்குப் பின்னால் வயரிலேயே தொங்கிய ஃப்யூஸ் கூட்டில், கண்ணாடி ஃப்யூஸின் மூடிக்குள். கம்பி முழுசாக, பளபளவென்று கண்ணுக்குத் தெரிந்தது. மூடிக்கும் கம்பிக்கும் இடையில் இருந்த ஈயம்தான் விட்டிருந்தது. கண்ணால் பார்த்து "ஃப்யூஸ் நல்லாருக்கு" என்று மூன்று முறை நானே சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 4, காலை 5.55

நேற்று எழுத மறந்தது. ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தடவை அணையும்போதும் நேரம், என்ஜின் வேகம், அலை எப்படி, வெயிலா மழையா, அந்த நொடியில் வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் எழுத வேண்டும். ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள். நமக்குப் பிடித்த காரணத்துக்குப் பொருந்துவதை மட்டும்தான் மனசு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஜூன் 6, மாலை 7.10

அளந்து அனுப்பியிருக்கிறார். பல்பு எரியும்போது பாசிட்டிவ் பக்கம் 0.35 வோல்ட் தொலைகிறது, நெகட்டிவ் பக்கம் 0.6. பேட்டரியில் 12.5 இருக்கும்போது செட் இருக்கும் இடத்துக்கு 11.55-தான் வருகிறது.

மாட்டிக்கொண்டது. நெகட்டிவ்தான். படகில் நெகட்டிவ் அனாதைப் பிள்ளை. பாசிட்டிவ்வுக்கு ஸ்விட்ச், ஃப்யூஸ், லேபிள் என்று எல்லா மரியாதையும் நடக்கும், நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் ஒரே பித்தளைப் பட்டையில் கொத்தாக முறுக்கிவிட்டு மறந்துவிடுவோம்.

படகுகளுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சி-யின் இ-11 தரநிலை வழிகாட்டும் கருவிகள், வழிவிளக்குகள் போன்ற முக்கியமான இணைப்புகளுக்கு 3 சதவீதம் வரைதான் இழப்பை ஒத்துக்கொள்கிறது. மற்றவற்றுக்கு 10. 12 வோல்ட்டில் 3 சதவீதம் என்றால் 0.36. உங்கள் பாசிட்டிவ் 0.35, தேறிவிட்டது. நெகட்டிவ் ஃபெயில்.

வயரையும் கணக்குப் போட்டேன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மீட்டருக்கு ஏறக்குறைய 0.007 ஓம். 5 மீட்டர் தூரம், 6 ஆம்பியர் போனால் 0.2 வோல்ட். வயர் போதும்.

ஜூன் 7, மதியம் 1.30

கிடைத்தது! நெகட்டிவ் பட்டையில் ப்ளாட்டர் வயரின் திருகு பார்க்க இறுக்கமாகத்தான் இருந்ததாம், லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு, வயரின் இழைகள் உறைக்குள்ளே இரண்டு விரற்கடை தூரம் கறுத்துப் போயிருந்தன. கறுத்ததைச் சுரண்டிப் பிரயோஜனம் இல்லை, பளபளப்பு வரும் வரை வெட்டித் தள்ளுங்கள் என்றேன். வெட்டி, ஈயப்பூச்சு உள்ள லக் போட்டு, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டி முடித்துவிட்டார். நெகட்டிவ் இழப்பு இப்போது 0.08.

வழக்கு முடிந்தது. அந்த "செட் போச்சு" ஆளுக்கு ஒரு வணக்கம் வையுங்கள்.

ஜூன் 9, இரவு 9.30

லக்கை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா, அழுத்தி மட்டும் விடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அழுத்தினால் போதும், அதற்கான அழுத்தும் இடுக்கியால், சாதாரணக் குறடால் நசுக்கினால் கணக்கில் சேராது. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒரு இடத்தில் நின்றுவிடும், அந்த இடத்தில் வளையும் வயரும் விறைத்த வயரும் சந்திக்கும், என்ஜின் அதிர்வில் சரியாக அங்கேதான் ஒடியும். இருபது வருஷமாக ஈயம் வைத்து ஒன்றும் ஆகவில்லை என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. வயரை நன்றாகக் கட்டி ஆடாமல் வைத்திருப்பார்கள், அதுதான் காப்பாற்றியிருக்கும்.

ஜூன் 10, காலை 7.00

அதே ஆள் இன்னொன்றும் கேட்டார், இது இந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் வெளியே. அவருடைய ப்ளாட்டர் அணையவே இல்லை, ஆனால் ஆழம், காற்று, திசை எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கோடு கோடாகி மறைந்து வருகின்றன. அது நெட்வொர்க் நோய். என்எம்இஏ 2000 (படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்) கேபிள் என்றால் பவரை அணைத்துவிட்டு வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் நடுவே ஓம் அளக்க வேண்டும். இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் தடை), இணையாகச் சேர்ந்து 60 காட்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது நடுவில் கேபிள் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ அன்பு மிகுதியால் மூன்றாவதையும் போட்டிருக்கிறார். அளந்துகொண்டே ஒவ்வொரு டீ (T) வடிவ இணைப்பையும் அசைத்துப் பாருங்கள், எண் துள்ளும் இடம்தான் இடம். பவர் ஓடும்போது ஓம் அளக்காதீர்கள், வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

ஜூன் 15, இரவு 10.05

முதலில் கேட்ட ப்ளாட்டர்காரர் எழுதியிருக்கிறார்: "எட்டு நாளாக ஒன்றும் இல்லை என்று நன்றி சொல்ல உட்கார்ந்தேன், இன்று மதியம் இரண்டு தடவை அணைந்தது."

படித்ததும் கொஞ்ச நேரம் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூன் 16, காலை 6.10

இரவெல்லாம் யோசித்ததை எழுதுகிறேன். ஜூன் 7-இல் "வழக்கு முடிந்தது" என்று எழுதியது அதிகப்பிரசங்கித்தனம். நாம் கண்டுபிடித்தது ஒரு கோளாறு. அதுதான் இந்தக் கோளாறு என்பதற்கு என்ன ஆதாரம் இருந்தது? களிம்பு பிடித்த லக்கைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது, அதுதான் ஆதாரம். பழைய படகில் எந்த டெர்மினலைக் கழற்றினாலும் களிம்பு இருக்கத்தான் செய்யும்.

ப்ளாட்டர் இழுப்பது 1 ஆம்பியர் அளவு. அந்த நெகட்டிவ் திருகில் 0.34 ஓம் தடை (0.6 வோல்ட்டை பல்பின் 1.75 ஆம்பியரால் வகுத்தது) என்று வைத்தால் 0.34 வோல்ட்தான் போகும். அதில் செட் அணையுமா? அணையாது. இந்தக் கணக்கை நான் அன்றே போட்டிருக்க வேண்டும். இடைவிட்டு வரும் கோளாறில் கண்டுபிடித்த பொருளின் எண்ணும் நோயின் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் முடித்துவைக்கக் கூடாது.

எட்டு நாள் அமைதி என்பதும் ஏமாற்று. அவர் முதலில் எழுதியதிலேயே "சில வாரம் ஒன்றுமே இல்லை" என்று இருக்கிறது. அப்போதும் அது சரியாகித்தான் இருந்ததா? சராசரியாக 3 நாளுக்கு ஒருமுறை தாறுமாறாக வரும் கோளாறு, ஒன்றும் செய்யாமலேயே 9 நாள் வராமல் இருக்க இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே சராசரி இடைவெளியின் மூன்று மடங்காவது காத்திருக்காமல் சரியாகிவிட்டது என்று வாயைத் திறக்கக் கூடாது. ஒரே மணி நேரத்தில் வரும் மூன்றையும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், கொத்தாக வருவதைத் தனித்தனியாக எண்ணினால் கணக்கு கெட்டுவிடும்.

ஜூன் 16, இரவு 8.15

இன்னும் தோண்டினால் என் தவறுகள் வரிசையாக வருகின்றன. ஜூன் 6 குறிப்பை யாரும் நம்ப வேண்டாம், அழிக்காமல் விடுகிறேன், நாலு பேர் பார்க்கட்டும்.

ஒன்று, அந்த 3 சதவீதம் போகவர மொத்தச் சுற்றுக்கும் சேர்த்து. பாசிட்டிவ்வுக்கு 0.36, நெகட்டிவ்வுக்கு 0.36 என்று நான் பங்கு போட்டுக் கொடுத்தது தப்பு. அப்புறம் வயர் கணக்கு: 5 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் செம்பு. 6 ஆம்பியருக்கு 0.2 அல்ல, 0.4 வோல்ட். அந்த வயர் அவ்வளவு கரண்டுக்குப் போதாது.

மூன்றாவதுதான் பெரிய தவறு. 1.75 ஆம்பியருக்கு 5 மீட்டர் பாசிட்டிவ் வயரில் 0.06 வோல்ட் போகலாம். அவருக்குப் போனது 0.35. ஆறு மடங்கு! அது கண் முன்னால் கிடந்தது, 0.36-க்கு ஒரு புள்ளி கீழே இருக்கிறது என்று பாஸ் மார்க் போட்டு அனுப்பிவிட்டேன். தரநிலையின் எல்லை என்பது வயர் வாங்கும்போது பார்ப்பதற்கு. கோளாறு தேடும்போது கேட்க வேண்டியது இங்கே எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதுதான்.

பாசிட்டிவ்வில் 0.2 ஓம் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ப்ளாட்டருக்கு அதுவும் 0.2 வோல்ட்தான். வேறு ஏதோ ஒன்று அதே வழியில் பெரிதாக இழுக்கிறது. நோட்டு எங்கே? நோட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

ஜூன் 18, மாலை 6.45

நோட்டைப் போட்டிருக்கிறார். மனிதர் ஒழுங்காக எழுதியிருக்கிறார், நான்தான் கேட்டு வாங்காமல் விட்டேன். அலை உள்ள நாட்களில் மட்டும்தான். என்ஜின் வேகத்துக்குச் சம்பந்தம் இல்லை, வெயிலுக்கும் இல்லை. இரண்டு இடத்தில் ஓரத்தில் சின்னதாக "பம்ப் சத்தம்" என்று இருக்கிறது.

பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) எங்கிருந்து பவர் எடுக்கிறது?

ஜூன் 18, இரவு 9.20

அதே பேனலில் இருந்து. நினைத்தேன்.

படகு உருளும்போது அடியில் கிடக்கும் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி மிதவை ஸ்விட்சைத் தூக்கும், பம்ப் ஓடத் தொடங்கும். கரையில் கட்டியிருந்தால் தண்ணீர் ஆடாது, மிதவை எழாது, "கரையில் ஒருமுறைகூட வந்ததில்லை". அந்த எட்டு நாளும் கடல் எப்படி என்று கேட்டேன், குளம் மாதிரி இருந்ததாம். போச்சா! நாம் லக் மாற்றியதற்கும் அமைதிக்கும் சம்பந்தமே இல்லை.

ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், நின்ற நிலையில் இருந்து கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். நான்கு மடங்கு என்று வைத்தால் 16 ஆம்பியர். பேட்டரியில் இருந்து பேனல் வரைக்கும் உள்ள பொது வழியில் 0.2 ஓம் இருந்தால் 3.2 வோல்ட் சரிவு. 12.5-இல் 9.3 மிஞ்சும். 12 வோல்ட் செட்களில் பலவும் 10 வோல்ட் சுற்றி வந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும், சரியான எண் செட்டின் கையேட்டில் இருக்கும். என் செல்லப் பல்பின் 1.75 ஆம்பியர் இதைக் காட்டிக்கொடுக்காது. பாரம் ஏற்றிப் பார்க்கச் சொன்னவன் நான்தான், எவ்வளவு பாரம் என்று யோசிக்காதவனும் நான்தான்.

சோதித்துவிட்டு வழி சொல்லலாம். மீட்டரில் குறைந்தபட்சத்தைப் பிடித்து வைக்கும் பொத்தான் இருந்தால் அதை அமுக்கி ப்ளாட்டர் பிளக்கில் மாட்டிவிட்டு, மிதவையைக் கையால் தூக்கி விடுங்கள். ஒருமுறையில் கிடைக்காவிட்டால் இருபது முறை தூக்குங்கள். சாதாரண மீட்டர் பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான சரிவைத் தவறவிடலாம்.

ஜூன் 20, காலை 11.00

கட்டிய படகில், தட்டையான தண்ணீரில், ஏழாவது தடவை மிதவையைத் தூக்கியபோது ப்ளாட்டர் அணைந்தது. மீட்டர் 9.1 பிடித்து வைத்திருந்தது. வேண்டும் என்று கேட்டால் வருகிற கோளாறு பாதி செத்த கோளாறு.

எக்கோவும் அதே நொடியில் ஒரு சிமிட்டல் சிமிட்டியதாம். கடலில் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், இரண்டு நொடியில் அது எழுந்துவிடும். ப்ளாட்டர் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு நிதானமாக எழுவதால் பழி அதன் தலையில் விழுந்தது.

ஜூன் 20, இரவு 9.40

பேட்டரி பக்கத்தில் பேனலின் மெயின் ஃப்யூஸ் கூடு. திறந்தால் பிளாஸ்டிக் பழுப்பாகி ஒரு பக்கம் இளகியிருக்கிறது, உள்ளே தகட்டின் பிடி தளர்ந்து கரி படிந்திருக்கிறது. பம்ப் ஓடும்போதெல்லாம் 4 ஆம்பியர், 0.2 ஓம், 3 வாட்டுக்கு மேல் சூடு அந்தச் சின்னக் கூட்டுக்குள்ளேயே. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் ப்ளாட்டர் அணைவது பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம், புகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

கூட்டை மாற்றுங்கள், சுரண்டித் திரும்ப மாட்டாதீர்கள். பம்புக்குப் பேட்டரியில் இருந்தே தனி வயர், தனி ஃப்யூஸ். பேனலை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் பம்ப் வேலை செய்ய வேண்டும் அல்லவா, இதுவரை எப்படி விட்டுவைத்தீர்கள்? ஆனால் ஒரே நாளில் இரண்டையும் செய்ய வேண்டாம். முதலில் கூடு, பிறகு மிதவையை முப்பது தடவை தூக்கி அளவு, அதற்கப்புறம் வயர். எது குணமாக்கியது என்று தெரியாமல் குணமானால் அடுத்த தடவை மறுபடி முதலில் இருந்து.

ஜூன் 22, மாலை 5.30

கூடு மாற்றியதும் குறைந்தபட்சம் 11.9. பம்பைத் தனியாகப் பிரித்த பிறகு 12.3. முப்பதுக்கு முப்பது தடவையும் ப்ளாட்டர் அசையவில்லை.

ஜூன் 25, காலை 6.30

இன்னொரு கேள்வி, வழிவிளக்கு போட்டால் விஹெச்எஃப் இரைகிறது, இதுவும் லூஸ் கனெக்ஷனா என்று. எல்இடி பல்பா? அப்படியானால் பெரும்பாலும் வயர் குற்றம் இல்லை, பல்புக்குள் இருக்கும் சுற்று ரேடியோ இரைச்சல் கக்குகிறது. 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே இதற்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆள் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் நிற்கும் இடம் வரை ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) திருப்பி, பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் விளக்குதான். அது ஏஐஎஸ்-ஐயும் (கப்பல்கள் தம் இடத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ஏற்பாடு) கெடுக்கும்.

ஜூலை 3, இரவு 9.00

"இப்போதாவது வழக்கு முடிந்ததா?" என்று கேட்டு ப்ளாட்டர்காரர் ஒரு சிரிப்பும் போட்டிருக்கிறார். முடிந்தது என்று எழுத விரல் துடிக்கிறது. ஆனால் என் கணக்குப்படி அலை உள்ள நாட்கள் ஒன்பது வேண்டும், குளமாகக் கிடந்த நாளைச் சேர்க்க முடியாது. நோட்டில் எண்ணிப் பார்த்தேன், இதுவரை ஆறு.